உழைத்த உயிருக்கு ஓய்வு

2022 அக்டோபரில், அனந்த்நாக்கில் குண்டடிபட்ட 'ஜூம்' என்னும் இராணுவ நாய் ஸ்ரீநகரில் உயிர்நீத்தபோது பலரும் அஞ்சலி செலுத்தினர். ஆனால், களத்தில் மடியாமல் மூப்படைந்த நாய்கள்? பணிக்கு உதவாதவை கருணைக்கொலை செய்யப்படுவதை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 2015இல் இராணுவமே தெரிவித்தது. கண்டனம் எழுந்த பின்னரே மறுவாழ்வுக்கு வழி பிறந்தது.

நாயின் எச்சில் குறித்து மார்க்கம் வகுத்த தூய்மைச் சட்டம், அதனைத் துன்புறுத்துவதற்கான அனுமதியன்று. தாகித்த நாய்க்குக் கிணற்றிலிறங்கி நீர் புகட்டியவரை அல்லாஹ் மன்னித்தான் என்கிறது நபிமொழி. குகைவாசிகளின் நாயைத் திருக்குர்ஆன் நினைவுகூர்கிறது. காவலுக்கு நாய் வளர்க்கவும் அனுமதியுண்டு.

சிப்பிப்பாறை, ராஜபாளையம் என நாய்களுக்கு ஊர்ப்பெயரையே சூட்டிய பூமி, மதுரைக்குத் தெற்கே விரியும் நம் சமவெளி. இங்கே தோட்டத்திலும் ஆட்டுக்கிடையிலும் உழைத்து மூத்த நாயை வெயிலில் விரட்டாதிருப்போம். நிழலும் நீரும் அதன் உரிமை; மறுமையில் அதுகுறித்தும் நாம் வினவப்படுவோம்.