உறைபனிக்கு முன் அறுவடை

கார்த்திகை பிறந்துவிட்டால் நீலகிரித் தோட்டங்களில் யாவர் வாயிலும் ஒரே கேள்விதான்: உறைபனி எப்போது இறங்கும்? சமவெளியிலுள்ள நமது அங்கத்தினர்கள் இதை அயலார் கவலையென்று எண்ணலாகாது. நீலகிரி 1868 வரை கோவை மாவட்டத்தோடு சேர்ந்தே இருந்தது. கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில்தான் மேனாட்டுக் காய்கறிகள் அங்கே வேரூன்றின. இன்றும் மலையில் விளையும் உருளைக்கிழங்கு மேட்டுப்பாளையத்துக்கே இறங்குகிறது. 1935-இல் தொடங்கிய நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கமும் அங்கே ஏலம் நடத்தி வருகிறது.

மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை இழந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமாதலால் பள்ளங்களில் தேங்குகிறது. இலையினுள் உள்ள நீர் உறைந்து, விடிந்தபின் செடி வெந்தது போலத் துவண்டு கருகும். கேரட்டும் முட்டைக்கோசும் ஓரளவு தாங்கும். உருளைச் செடி தாங்காது. மண்ணுக்குள் கிழங்கு தப்பினாலும், இலை போனபின் அது பருப்பதில்லை.

இவ்வச்சத்தால் விவசாயி முற்றாத கிழங்கைத் தோண்டுகிறார். அதன் தோல் எளிதில் உரியும், மூட்டையில் அழுகும். ஒரே வாரத்தில் பலரும் தோண்டினால் விலையும் சரியும். பனி தின்னாததை மண்டி தின்றுவிடுகிறது.

இதற்கு வழி என்ன? உருளைக்கு ஏறக்குறைய 120 நாட்கள் வேண்டும். ஆடிக் கடைசியில் நட்டால் கார்த்திகை முடியுமுன் எடுத்துவிடலாம். மூன்று வாரம் தாமதித்தால் அறுவடை மார்கழிக் கடும்பனியில் போய் விழும். அந்த மூன்று வாரம் பெரும்பாலும் விதைக்கும் உரத்துக்கும் பணம் காத்திருந்த காலமே. பனியின் தேதியை நாம் மாற்ற இயலாது. கடன் மனு பைசலாகும் தேதியை மாற்ற இயலும்.

பழைய பாக்கி இருக்கப் புதுக்கடன் எவ்வாறு கொடுப்பதென நிர்வாகிகள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. ஆயினும் அப்பரிசீலனையை வைகாசி, ஆனி மாதங்களிலேயே முடித்துவிடலாமன்றோ? தீபாவளி கழிந்து வரும் நூலால் பயனில்லை என்பதை நமது நெசவாள அன்பர்கள் நன்கறிவார்கள். விவசாயிக்கு ஆவணிக் கடைசியில் வரும் கடனும் அத்தகையதே.

அங்கத்தினர்களுக்கும் கடமை உண்டு. பள்ளத்து நிலங்களில் முந்தி நட்டு முந்தி எடுத்தல் வேண்டும். சரிவு நிலங்கள் பின்னர் வரலாம். அறுவடை நாளைச் சங்கத்தில் முன்கூட்டிப் பதிந்துகொண்டால் சரக்கு முறைவைத்து ஏலத்துக்குச் செல்லும். தோண்டுவதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பு செடியை அறுத்துவிட்டால் கிழங்கின் தோலும் இறுகும். சங்கமும் சரக்கின்பேரில் முன்பணம் கொடுத்தால், அவசரப்பட்டு வந்த விலைக்கு விற்க வேண்டியதில்லை.

வருகிற பொதுக்குழுவில், ஆடி முடியுமுன் கடன் பட்டுவாடா முடிய வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவருமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம்.