மலை சரிவது விதியல்ல

மண் சரிந்து உயிர்கள் மாளுந்தோறும் மலையக மக்கள் மூன்று வினாக்களை எழுப்புகின்றனர். மலை ஏன் சரிகிறது? அதனை முன்கூட்டியே அறிய இயலாதா? அறிந்தால் நாம் எங்கே செல்வது? முதலிரண்டு வினாக்களுக்கும் நிலவியல் விடை கூறுகிறது. மூன்றாவதற்கு விடை கூற வேண்டியது அரசாங்கமே.

மத்திய மலைநாட்டின் அடித்தளம் மிகத் தொன்மையான கடும்பாறை. அதன் மேற்பகுதி வெயிலாலும் மழையாலும் உக்கி மண்ணாகியுள்ளது. முற்காலச் சரிவுகளில் வீழ்ந்த கல்லும் மண்ணும் பல மலைச்சாரல்களில் குவிந்து கிடக்கின்றன. அடைமழையில் இவற்றினுள் நீர் நிறையும்போது பாரம் கூடுகிறது. மண்ணின் பிடிப்போ தளர்கிறது. வடிகான்கள் தூர்ந்து கிடப்பினும், சாரலின் அடிவாரத்தை வெட்டினும் ஆபத்துப் பெருகும். பயிர்செய்வோர் இதனை மறத்தலாகாது.

மலை பெரும்பாலும் சொல்லாமற் சரிவதில்லை. நிலம் வெடிக்கும், மரங்களும் கம்பங்களும் சாயும், புதிய ஊற்றுத் தோன்றும், பழைய ஊற்றுக் கலங்கும், அன்றேல் திடீரென வற்றும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் எச்சரிக்கை விடுக்கின்றது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருத்தல் வேண்டும். 100 ஆனால் புறப்பட ஆயத்தமாதல் வேண்டும். 150ஐத் தாண்டினால் வெளியேறியே தீரவேண்டும்.

ஆயினும் எச்சரிக்கை மட்டும் உயிர் காக்குமா? கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை லயங்கள் மண்ணுள் புதைந்தன. அவ்விடம் அபாயமானதென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. விஞ்ஞானம் தன் கடமையைச் செய்தது. ஆனால் மக்கள் அங்கேயே இருந்தனர். சொந்தமாக ஒரு துண்டுக் காணியும் இல்லாத தொழிலாளியிடம் “எழுந்து போ” என்றால் அவன் எங்கே போவான்?

ஆகவே நாம் கோருவன இரண்டு. அபாய வரைபடங்களும் எச்சரிக்கைகளும் தோட்டந்தோறும் எளிய தமிழில் விளக்கப்படல் வேண்டும். கற்ற தமிழர்களான பொறியியலாளரும் ஆசிரியரும் இப்பணிக்கு முன்வரல் வேண்டும். அபாயச் சாரல்களில் வாழும் குடும்பங்களுக்குப் பாதுகாப்பான இடத்தில் உறுதியுடன் காணி வழங்கப்படல் வேண்டும்.

மழையை நிறுத்த எவராலும் இயலாது. ஆனால் சரியும் மலையின் கீழ் மனிதரைக் குடியிருத்தியது மழையன்று. அதனை மாற்றும் ஆற்றல் ஆட்சியாளரிடம் உண்டு. அடுத்த அடைமழைக்கு முன் அவர்கள் விடை கூறட்டும்.