எந்த ராஜாவின் தேதி?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு என்றால் எல்லோரும் குடவோலைத் தேர்தலைத்தான் பேசுவார்கள். நான் பேசப்போவது அதில் இருக்கும் தேதியை. பொறுங்கள் சார், கம்ப்யூட்டரில் கொண்டுபோய் விடுகிறேன்.

முதல் கல்வெட்டில் கி.பி.யெல்லாம் கிடையாது. மதுரையைக் கொண்ட பரகேசரிவர்மனுக்குப் பன்னிரண்டாவது ஆண்டு. அவ்வளவுதான். பரகேசரி என்பது பல சோழ ராஜாக்கள் வைத்துக்கொண்ட பட்டம். 'மதுரையைக் கொண்ட' என்ற அடைமொழிதான் இவர் முதலாம் பராந்தகன் என்று காட்டிக் கொடுக்கிறது. பட்டத்துக்கு வந்தது 907. பன்னிரண்டைக் கூட்டினோம், வேலை முடிந்தது என்று கிளம்பிவிடாதீர்கள். முதல் ஆண்டே 907-ல் ஆரம்பித்துவிட்டது. ஆகவே பன்னிரண்டாவது ஆண்டு 918-ல் தொடங்கி 919-ல் முடிகிறது. ஒன்றைக் கழிக்க மறந்தால் கணக்கு உதைக்கும்.

கம்ப்யூட்டருக்கும் ஒரு பட்டாபிஷேகம் உண்டு. யூனிக்ஸ் வம்சத்துக்கு அது 1970 ஜனவரி 1. அன்றிலிருந்து எத்தனை விநாடி என்று எண்ணுவதுதான் அதன் காலக் கணக்கு. ஜாவாஸ்கிரிப்ட் அதையே மில்லி விநாடியில் எண்ணும். மாதத்தை மட்டும் பூஜ்யத்தில் ஆரம்பிக்கும்: ஜனவரி 0, டிசம்பர் 11. இங்கேயும் ஒன்று உதைக்கும்!

இதெல்லாம் புரோகிராமர் தலைவலி, நமக்கென்ன என்கிறீர்களா? ஒரு வேலைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கிறீர்கள். 2025 ஜூலை 1-ல் உங்களுக்கு 35 வயது நிறைந்திருக்கக் கூடாது என்பது விதி. நீங்கள் பிறந்தது 1990 ஆகஸ்ட் 3. 03/08/1990 என்று அடிக்கிறீர்கள். ஜாவாஸ்கிரிப்டிடம் அதை அப்படியே கொடுத்தால் அமெரிக்க வழக்கப்படி மார்ச் 8 என்று படிக்கும். நோகாமல் 35 தாண்டிவிட்டீர்கள். விண்ணப்பம் காலி. உத்திரமேரூரின் இரண்டாவது கல்வெட்டில் 35 ஆனால்தான் வாரியத்துக்கே தகுதி. இங்கே 35 ஆனால் வெளியே போ!

25-ஆம் தேதி பிறந்தவர்கள் புண்ணியவான்கள். 25-ஆவது மாதம் இல்லாததால் கம்ப்யூட்டர் உடனே 'தப்பு' என்று கத்திவிடும். 12-ஆம் தேதிக்குள் பிறந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். தப்பு சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருக்கும் 12 நாட்களை விட்டால், வருஷத்தில் 132 நாட்கள் இப்படி இரண்டு அர்த்தம் தரும்.

பி.ஹெச்.பி. இன்னும் வேடிக்கை. நடுவில் சாய்ந்த கோடு போட்டால் அமெரிக்கத் தேதி. அதே கோடு படுத்தால் நம்மூர்த் தேதி. கோட்டின் சாய்வில் இருக்கிறது ஒருத்தன் ஜாதகம்!

வைத்தியம் சுலபம். சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 1988-லேயே ஐ.எஸ்.ஓ. 8601 என்று ஒரு முறை கொண்டுவந்தது: வருஷம், மாதம், நாள். 1990-08-03. பெரியதிலிருந்து சின்னதுக்கு. சேமிப்பதை இப்படிச் சேமியுங்கள். வருகிற தேதியைக் கம்ப்யூட்டரின் யூகத்துக்கு விடாமல், எது நாள், எது மாதம் என்று புரோகிராமில் சொல்லிவிடுங்கள். திரையில் காட்டும்போது மாதத்தைப் பெயராகவே காட்டுங்கள். '3 ஆகஸ்ட்' என்றால் அமெரிக்காக்காரனுக்கும் அதேதான்.

கல்லில் செதுக்கியவர் வெறும் 12 என்று விட்டிருந்தால் இன்றைக்கு யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது. யாருடைய 12 என்பதையும் சேர்த்துச் செதுக்கினார். ஆயிரம் வருஷம் கழித்தும் படிக்க முடிகிறது. நாம் போன வாரம் அடித்த தேதியே நமக்குப் புரியவில்லை.