சீல் எங்கே, பாய்?

ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். சென்னையில் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி புகை கிளம்புகிறது. கரி அடுப்பு, கம்பி வலை, மசாலா தடவிய கறி. கேட்டால் 'பார்பிக்யூ' என்கிறார்கள். நம்ம ஊர் பாஷையில் சொன்னால் சுட்ட கறி!

சாப்பிடட்டும். யார் வேண்டாம் என்றது? வாரம் ஆறு நாள் பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் இடிபடுகிறவன், ஒரு நாள் பிள்ளை குட்டிகளோடு உட்கார்ந்து நாலு துண்டு கறி சாப்பிடக் கூடாதா?

ஆனால் ஒரு கேள்வி. அடுப்புக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறோம். மசாலாவுக்குக் கடை கடையாக அலைகிறோம். அந்தக் கறி எந்த ஆடு, எங்கே அறுத்தது, யார் பார்த்து அனுமதி கொடுத்தது என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா?

குழம்பு வேறு, சுடுவது வேறு

குழம்பு என்றால் முக்கால் மணி, ஒரு மணி நேரம் கொதிக்கிறது. கிழட்டு ஆடாக இருந்தாலும் குக்கர் விசிலில் வெந்துவிடும். நெருப்பில் வாட்டும்போது அப்படி இல்லை. மேலே கருகிவிடும், உள்ளே சிவப்பாகவே நிற்கும். கறி சுத்தமாக இல்லை என்றால், அதில் உள்ள கிருமியும் உள்ளே உயிரோடு நிற்கும்.

கொத்துக்கறி இன்னும் மோசம். முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் மேல்பக்கம்தான் இருக்கும். கொத்தினால் உள்ளே வெளியே எல்லாம் கலந்துவிடும். ஆகவே கறி சுட்டுச் சாப்பிடுகிறவர்கள்தான் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு ஜாக்கிரதையாக கறி வாங்க வேண்டும். நடப்பதோ தலைகீழ்!

வாலால் வந்த பீதி

2018 நவம்பரில் நடந்தது வாசகர்களுக்கு மறந்திருக்காது. ராஜஸ்தானிலிருந்து எழும்பூருக்கு ரயிலில் வந்த 2,000 கிலோவுக்கு மேற்பட்ட கறி பிடிபட்டது. வால் நீளமாக இருக்கிறதே என்று யாரோ சந்தேகம் கிளப்பினார்கள். அவ்வளவுதான். "நாய்க்கறி! நாய்க்கறி!" என்று ஊரே அலறியது. பிரியாணிக் கடைகளில் ஈ ஓட்டினார்கள்.

சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் பரிசோதனை நடந்தது. ஆட்டுக்கறிதான் என்று முடிவு வந்தது. அதற்குள் ஒழுங்காகத் தொழில் செய்த எத்தனையோ கடைக்காரர்களின் பிழைப்பில் மண் விழுந்துவிட்டது.

நாயா, ஆடா என்று எல்லோரும் அடித்துக்கொண்டோம். ஆனால் முக்கியமான கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு. அத்தனை தூரத்திலிருந்து ஒரு நாளுக்கு மேல் ரயிலில் வந்த கறி என்ன குளிரில் வந்தது? எந்த டாக்டர் பார்த்தார்? ஆட்டுக்கறி என்பதாலேயே அது நல்ல கறி ஆகிவிடுமா?

2024 ஆகஸ்டில் சென்ட்ரலில் வடக்கிலிருந்து வந்த கெட்டுப்போன கறி ஆயிரம் கிலோவுக்கும் மேல் பிடிபட்டது. பிடிபட்டதால் தெரிந்தது. பிடிபடாதது யார் வீட்டுச் சட்டியில் வெந்தது?

சட்டம் என்ன சொல்கிறது?

பெரம்பூர், வில்லிவாக்கம், சைதாப்பேட்டை, கள்ளிக்குப்பம் ஆகிய இடங்களில் மாநகராட்சிக்கு ஆட்டுத்தொட்டிகள் உண்டு. அங்கே அறுக்கும் முன்பு ஆட்டையும், அறுத்த பிறகு உடலையும் கால்நடை டாக்டர் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் முத்திரை. அதைத்தான் ஜனங்கள் 'சீல்' என்கிறார்கள்.

2001-ம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த விதிகள் இன்னும் தெளிவு. சினை ஆட்டை அறுக்கக் கூடாது. மூன்று மாதம் ஆகாத குட்டியை அறுக்கக் கூடாது. ஒரு டாக்டர் மணிக்கு 12 உருப்படிக்கு மேல் பார்க்கக் கூடாது. ஒரு நாளைக்கு 96-தான் உச்சம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னையில் எத்தனை ஆடு விழுகிறது? அதற்கு எத்தனை டாக்டர் வேண்டும்? கணக்கை வாசகர்களே போட்டுப் பார்க்கலாம். தொட்டிப் பக்கமே போகாமல், கடைக்குப் பின்னால் சந்தில் அறுத்துத் தொங்கவிடுகிறார்களே, அதற்கு எந்த டாக்டர்? எந்த சீல்?

நாலு கடை, ஒரு கேள்வி

போன வாரம் நாம் நாலு கடை ஏறி இறங்கினோம். எல்லாக் கடையிலும் ஒரே கேள்விதான். "சீல் எங்கே?"

முதல் கடையில் சிரித்தார்கள். இரண்டாவது கடையில், "சீல் தொடையில இருந்துச்சு சார், தொடை வித்துப்போச்சு" என்றார்கள். மூன்றாவது கடையில், "நீ என்ன சானிட்டரி இன்ஸ்பெக்டரா?" என்று எகிறினார்கள்.

நாலாவது கடையில் ஒரு வயதான பாய். ஒன்றும் பேசவில்லை. கொக்கியில் தொங்கிய ஆட்டைத் திருப்பினார். முத்திரை பளிச்சென்று இருந்தது. "விடிகாலை தொட்டிக்குப் போய் வரிசையில நின்னு, பணம் கட்டி எடுத்துட்டு வர்றேன் தம்பி. ஆனா இதைக் கேட்டு வாங்குறவங்க மாசத்துக்கு ஒருத்தர்கூட இல்லை. பக்கத்துக் கடையில ஐம்பது ரூபா கம்மின்னு அங்க போயிடுறாங்க" என்றார்.

இதுதான் விஷயம்! யோக்கியமாகத் தொழில் செய்பவனுக்குச் செலவு. குறுக்கு வழியில் போகிறவனுக்கு லாபம். நாம் கேட்காத வரைக்கும் இது இப்படியேதான் நடக்கும்.

கடையில் எதைப் பார்க்க வேண்டும்?

வெட்டி வைத்த கறியை வாங்காதீர்கள். தொங்குகிற உடலிலிருந்து கண்ணெதிரே வெட்டச் சொல்லுங்கள். வெள்ளாட்டு வால் மேல்நோக்கி நிற்கும், செம்மறி வால் கீழே தொங்கும் என்று வாலைப் பார்த்து வாங்குவது நம்ம ஊர் வழக்கம். பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் வாலை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை எழும்பூரில் பார்த்தோமே!

இளம் ஆட்டுக்கறி வெளிர் சிவப்பாக இருக்கும். கருஞ்சிவப்பு என்றால் வயதான உருப்படி. கொழுப்பு வெள்ளையாக, கெட்டியாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி உடனே மேலே வர வேண்டும். கை பிசுபிசுத்தால் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டுங்கள்.

சுடுவதற்கு விலா, சாப்ஸ், தொடைக்கறி நல்லது. இன்னொரு சங்கதி. அறுத்த சில மணி நேரத்தில் சதை விறைத்துக்கொள்ளும். மறுநாள்தான் இளகும். காலையில் வாங்கி மத்தியானமே வாட்டிவிட்டு, "கறி ரப்பர் மாதிரி இருக்கு" என்று பாயைத் திட்டிப் பயனில்லை. சனிக்கிழமை வாங்குங்கள். 5 டிகிரிக்கும் கீழே இருக்கிற பிரிட்ஜில் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் போடுங்கள்.

தராசிலும் ஒரு கண் இருக்கட்டும். தொழிலாளர் துறை முத்திரை போட்டிருக்க வேண்டும்.

பண்ணைக்குப் போகிறீர்களா?

கிராமத்தில் நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு ஆடு பிடித்துக் கூறு போடுவார்கள். பட்டணத்திலும் இப்போது சிலர் அப்படிச் செய்கிறார்கள். நல்ல யோசனைதான். திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்தில் 'மெட்ராஸ் ரெட்' என்கிற செம்மறி இனமே இருக்கிறது. கறிக்காகவே வளர்க்கிற இனம். ராஜஸ்தான் வரை போக வேண்டியதில்லை!

அங்கேயும் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். பால் பல் விழாத குட்டி என்றால் பெரும்பாலும் வயது ஒன்றை ஒட்டித்தான் இருக்கும். சுடுவதற்கு அதுதான் சரி. ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி போட்டார்களா? குடற்புழு மருந்தோ வேறு ஊசியோ கடைசியாக எப்போது கொடுத்தார்கள்? மருந்து கொடுத்த கையோடு அறுத்தால் அது நம் வயிற்றுக்குத்தான் வரும்.

20 கிலோ ஆடு என்றால் 20 கிலோ கறி கிடைக்காது. தோல், தலை, குடல் போனால் பாதி தேறுவதே அதிகம். இந்தக் கணக்குத் தெரியாமல் போய் ஏமாறாதீர்கள். அறுப்பதும் தொட்டியில்தான். அடுக்குமாடி வீட்டு வாசலில் அல்ல!

மாநகராட்சி என்ன செய்ய வேண்டும்?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு கறிக்கடையிலும் ஒரு சின்னப் பலகை. 'இன்றைய ஆடு அறுத்த இடம், தேதி' என்று சாக்பீஸால் எழுதச் சொல்லுங்கள். முத்திரை உள்ள பாகத்தைக் கடைசியில்தான் விற்க வேண்டும் என்று உத்தரவு போடுங்கள். தொட்டிகளில் சட்டம் சொல்கிற அளவுக்கு டாக்டர்களைப் போடுங்கள். ரயிலில் கறி பிடிபட்ட பிறகு ஓடுவதை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறு மணிக்குக் கடைத்தெருவில் இறங்குங்கள்.

முத்திரை எல்லோர் கண்ணிலும் பட்டால் வதந்திக்கு வேலை இருக்காது. அந்த வயதான பாய்க்கும் வியாபாரம் நடக்கும்.

அதுவரை நம் கையில் இருப்பது வாய் ஒன்றுதான். கிலோ ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கொடுத்து வாங்குகிறோம். கேட்பதற்கு என்ன வெட்கம்? வருகிற ஞாயிற்றுக்கிழமை கடையில் போய் நின்றதும் "கிலோ எவ்வளவு?" என்று ஆரம்பிக்காதீர்கள்.

"சீல் எங்கே, பாய்?" என்று ஆரம்பியுங்கள்!