விறகு அறுக்க ஒரு யந்திரம்

மார்கழி பிறந்துவிட்டால் ஜவளகிரியில் விடியற்காலையில் வெந்நீர் அடுப்புப் புகையாத வீடு அபூர்வம். எரிவாயு உருளை வந்து எத்தனையோ வருஷங்கள் ஆகியும், தளி முதல் தேன்கனிக்கோட்டை வரை பரந்த இக்குளிர்ந்த மேட்டுநிலத்தில் விறகின் அவசியம் நீங்கவில்லை. கோடரி பிடித்த கைகளின் பிள்ளைகளோ விடிந்ததும் ஓசூர் ஆலைகளுக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். ஆகவே செயின் சா என்னும் மரம் அறுக்கும் மிஷினை வாங்க விவசாயி எண்ணுவது நியாயமே.

ஆனால் வாங்கப் புறப்படுகிறவர்கள் எத்தனை சிசி, எத்தனை அங்குலம் என்பதையே முதலில் விசாரிக்கிறார்கள். கார்புரேட்டரோ செயினோ கெட்டால் மாற்று உதிரிபாகம் ஓசூரில் கிடைக்குமா என்பதன்றோ முதற்கேள்வி? என் அண்டை நிலத்துக்காரர் ஒருவர், 58 சிசி, 22 அங்குலம் என்ற விளம்பரத்தை நம்பி மலிவான ஒன்றை இணையத்தில் தருவித்து, இரண்டு தைல மரங்களைத் துண்டு போட்டு முடிப்பதற்குள் அதன் ஸ்டார்ட்டர் சுருள்வில் ஒடிந்து, அதே அளவில் வேறொன்று எந்தக் கடையிலும் அகப்படாமல், மழைக்காலம் முழுவதும் அறுபடாத கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மூன்று மடங்கு விலை கொடுத்தாலும், அருகிலேயே பழுதுபார்க்க ஆள் உள்ள யந்திரமே உண்மையில் மலிவானது.

வீட்டு விறகுக்கு வருவன தைலக் கட்டையும், சில்வர் ஓக் கிளையும், காய்ப்பு நின்ற மாவுமே. இவற்றுக்கு 35 முதல் 40 சிசி எஞ்சினும், செயின் சுற்றியோடும் பட்டையாகிய பார் 16 அங்குலமும் இருந்தால் தாராளம். அதற்கு மேற்பட்டது கைக்குக் கனம்; களைத்த கையில்தான் விபத்து நேர்கிறது.

பெட்ரோலில் ஆயில் கலப்பது இப்பக்கத்தாருக்குப் புதிய வித்தையன்று. 1980 முதல் ஓசூரிலேயே உற்பத்தியான டிவிஎஸ் 50 அதைக் கற்பித்திருக்கிறது. எனினும் அளவு யந்திரத்துக்கு யந்திரம் மாறும். சிலவற்றுக்கு லிட்டருக்கு 20 மில்லி, சிலவற்றுக்கு 40. கையேட்டில் உள்ளதே பிரமாணம். அறுக்கும்போது மரத்தூள் செதில் செதிலாக விழாமல் மாவாக உதிர்ந்தால் செயின் மழுங்கிவிட்டதென்று பொருள். உடனே அரம் போட வேண்டும், பலத்தைப் பிரயோகித்து அழுத்தலாகாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது உயிர். பாரின் நுனி மேற்பக்கம் கட்டையில் பட்டால், யந்திரம் கண்ணிமைக்கும் நேரத்தில் அறுப்பவர் முகத்தை நோக்கி எகிறும். அவ்வேளையில் செயினை நிறுத்தவென்றே முன்கைப்பிடியின் எதிரே அமைந்திருப்பது செயின் பிரேக். அதைக் கடையிலேயே ஓட்டிச் சோதிக்காமல் பணம் கொடுக்கக் கூடாது. கண்ணாடி, காதடைப்பு, கால் காப்பு ஆகியவற்றின் கிரயத்தையும் யந்திரத்தின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். லுங்கியும் ரப்பர் செருப்புமாக மரம் அறுக்கும் வாலிபர்களைக் காணும்போதெல்லாம் என் மனம் பதறுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜவளகிரிக் காடு பன்னர்கட்டாவிலிருந்து யானைகள் வருஷந்தோறும் வந்து போகும் வழி. அங்கே காற்றில் சாய்ந்த மரமும் நம்முடையதன்று. யந்திரம் பட்டா நிலத்தின் எல்லையைத் தாண்டலாகாது.

வருஷத்தில் பத்து நாள் வேலைக்கு ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே கடன்பட வேண்டியதில்லை. நான்கு வீட்டார் கூடி நல்லதொன்றை வாங்கலாம். பவர் டில்லருக்கு மானியம் தரும் வேளாண்மைப் பொறியியல் துறையினர், இவ்வட்டாரத்து வாடகை மையங்களில் தரமான செயின் சாவையும் காப்பு உடைகளையும், அவற்றைக் கையாளக் கற்பிக்கும் ஒருவரையும் வைக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன்.