நேசிக்கத்தக்க நகரம் தானாக அமைவதில்லை

சிங்கப்பூரில் குடியேறியவர்கள் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது அந்த நகரத்தைப் பற்றிக் கூறுவதில் ஓர் ஒற்றுமையைக் காணலாம். மங்கலம்பேட்டைக்காரரானாலும் பரங்கிப்பேட்டைக்காரரானாலும் அவர்கள் வியந்து பேசுவது வானளாவிய கட்டடங்களைப் பற்றியன்று. இடப்புறத்து வீட்டில் சீனக் குடும்பம், வலப்புறத்தில் மலாய்க் குடும்பம். தைப்பூசத்துக்குக் காவடி செல்லச் சாலையை ஒதுக்கித் தருகிறார்கள். ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் தமிழ் இருக்கிறது. நள்ளிரவிலும் பெண்கள் அச்சமின்றித் தனியே வீடு திரும்புகிறார்கள். "அங்கே யாரும் நம்மை அந்நியராகப் பார்ப்பதில்லை" என்று அவர்கள் கூறும்போது அதில் மிகை இருக்கலாம், பொய் இல்லை.

ஆனால், இந்தப் பாராட்டிலிருந்து நாம் பெறும் முடிவுதான் பெரும்பாலும் தவறாகிவிடுகிறது. அம்மக்கள் இயல்பிலேயே சகிப்புத்தன்மை மிக்கவர்கள் என்றும், நம்மவர்கள் அப்படியில்லை என்றும் கூறிப் பெருமூச்சு விடுகிறோம். வரலாறு வேறு விதமாகப் பேசுகிறது.

1964 ஜூலை, செப்டம்பர் மாதங்களில் சிங்கப்பூரில் சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் இடையே மூண்ட கலவரங்களில் 36 பேர் உயிரிழந்தனர். சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகியோர் அன்று பெரும்பாலும் தனித்தனிப் பகுதிகளில்தான் வாழ்ந்தனர். 1960-இல் உருவான வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளுக்கு அவர்கள் இடம்பெயர்ந்தபோது ஒரு கலப்பு நிகழ்ந்தது. எனினும், வீடுகளை மறுவிற்பனை செய்யும் உரிமை வந்ததும் மக்கள் மீண்டும் தத்தம் இனத்தவர் வாழும் பகுதிகளை நாடத் தொடங்கினர். இந்தப் போக்கைச் சுட்டிக்காட்டி, 1989-இல் இன ஒருங்கிணைப்புக் கொள்கையை அறிவித்தவர், அன்றைய தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ்.தனபாலன், தமிழ் வம்சாவளியினர்.

இக்கொள்கையின்படி, ஒவ்வொரு குடியிருப்புத் தொகுதியிலும் ஒவ்வோர் இனத்துக்கும் உச்சவரம்பு உண்டு. ஒரு கட்டடத்தில் சீனர்கள் 87 விழுக்காட்டையும், மலாய்க்காரர்கள் 25 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது. இந்தியர் உள்ளிட்ட பிறருக்கான வரம்பு 13 விழுக்காடாக இருந்து 2010-இல் 15 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் முக்கால் பங்கினருக்கு மேல் இத்தகைய அரசு வீடுகளிலேயே வசிப்பதால், அண்டை வீட்டார் யார் என்பதைச் சட்டம் ஓரளவு தீர்மானிக்கிறது.

இத்தகைய தலையீடு ஏன் தேவைப்படுகிறது என்பதற்குப் பொருளியலில் தெளிவான விளக்கம் உண்டு. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற தாமஸ் ஷெல்லிங், 1971-இல் ஓர் எளிய மாதிரியை முன்வைத்தார். எவரும் பிற இனத்தவரை வெறுக்கவில்லை. அண்டை வீட்டாரில் மூன்றில் ஒரு பங்கினராவது தம்மைப் போன்றவராக இருந்தால் போதும் என்று மட்டுமே ஒவ்வொருவரும் விரும்புவதாகக் கொள்வோம். இந்த மிதமான விருப்பம்கூட, ஒருவர்பின் ஒருவராக இடம்மாறிச் செல்லும்போது, நகரத்தை முற்றிலும் பிரிந்த பகுதிகளாக்கிவிடும் என்று அவர் காட்டினார். பிரிந்து வாழ்வதற்குத் தீய எண்ணம் தேவையில்லை. சும்மா இருந்தாலே போதும். சேர்ந்து வாழ்வதற்குத்தான் திட்டமிடல் தேவை.

மொழிக்கும் இது பொருந்தும். சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர்களின் பங்கு, 2020 கணக்கெடுப்பின்படி, 9 விழுக்காடுதான். தமிழர் அதிலும் ஒரு பகுதியினரே. அவ்வாறிருந்தும் அங்குள்ள நான்கு ஆட்சிமொழிகளுள் தமிழ் ஒன்று. இது தானாக வாய்த்ததன்று. திருவாரூரில் பிறந்து சிங்கப்பூரில் குடியேறி, 1935-இல் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கிய கோ.சாரங்கபாணி போன்றோரின் இடைவிடாத உழைப்பும், அதற்குச் செவிசாய்த்த அரசியல் தலைமையும் சேர்ந்து பெற்றுத் தந்தது.

இவற்றுக்கெல்லாம் விலையும் உண்டு. சீனர்களுக்கான வரம்பு நிரம்பிய கட்டடத்தில் வீட்டை விற்க விரும்பும் இந்தியரோ மலாய்க்காரரோ, மிகப் பெரிய வாங்குவோர் கூட்டமான சீனர்களிடம் விற்க முடியாது. காத்திருக்க நேரிடும், சில வேளைகளில் விலையைக் குறைக்கவும் நேரிடும். சிறுபான்மையினரைக் காக்க வந்த விதி அவர்களின் சொத்து மதிப்பையே பாதிக்கிறது. பல்லாண்டு முறையீடுகளுக்குப் பிறகு, விற்க முடியாமல் தவிப்போரின் வீடுகளை வீடமைப்புக் கழகமே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022-இல் அறிவிக்கப்பட்டது. வேலையிடத்தில் இனம் உள்ளிட்ட காரணங்களால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம் 2025 ஜனவரியில்தான் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

இதைவிடப் பெரிய குறை வேறொன்று. இந்த நல்லிணக்கம் குடிமக்களோடும் நிரந்தரவாசிகளோடும் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. அந்த அடுக்குமாடிகளைக் கட்டும் தமிழகத் தொழிலாளி, வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர். அவர் குடும்பத்தை அழைத்துவர முடியாது. சிங்கப்பூர்க் குடிமகளை மணக்க விரும்பினால் மனிதவள அமைச்சின் ஒப்புதல் வேண்டும். இவர்களில் பல்லாயிரம் பேருக்கு நகரின் ஓரங்களில் உள்ள தங்குவிடுதிகளே இருப்பிடம். 2013 டிசம்பர் 8 அன்று 'லிட்டில் இந்தியா' பகுதியில் பேருந்து மோதி இந்தியத் தொழிலாளி ஒருவர் இறந்ததும் வெடித்த கலவரமும், 2020-இல் கரோனா தொற்றின் மிகப் பெரும்பகுதி இந்த விடுதிகளில் பதிவானதும், பளபளப்புக்குப் பின்னால் இருந்த இந்தக் கோட்டை உலகுக்குக் காட்டின. ஒரே ஊரிலிருந்து சென்ற மென்பொருள் பொறியாளரும் கட்டுமானத் தொழிலாளியும் இரு வேறு சிங்கப்பூர்களில் வாழ்கிறார்கள்.

இதனை நாம் ஏன் சிந்திக்க வேண்டும்? ஆட்களை அனுப்பிய தமிழகம் இன்று ஆட்களை வரவேற்கும் மாநிலமாகவும் மாறியிருக்கிறது. திருப்பூரின் பின்னலாடை ஆலைகள் முதல் சென்னை மெட்ரோ ரயில் பணிகள் வரை வடமாநிலத் தொழிலாளர் இன்றி இயங்குவது கடினம். மங்கலம்பேட்டை போன்ற சிற்றூர்களின் உணவகங்களிலும் அவர்களைக் காண்கிறோம். 2023 மார்ச்சில் அவர்கள் தாக்கப்படுவதாகப் போலிக் காணொலிகள் பரவியபோது, பிகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி நேரில் விசாரித்தது. செய்தி பொய்யென்று தெளிவானது. ஆனால், ஒரு வதந்தி அத்தனை பேரைக் கலங்கச் செய்ததற்குக் காரணம், அவர்களுக்கும் நமக்கும் இடையே அன்றாட உறவு இல்லாமையே. அண்டை வீட்டாரோடு பேசிப் பழகியவர் காணொலியை நம்பும் முன் கதவைத் தட்டிக் கேட்டிருப்பார்.

கலந்து வாழ்வதற்கு விதி வகுப்பது நமக்கும் புதிதன்று. 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் தொடங்கிய பெரியார் நினைவு சமத்துவபுரங்களில் நூறு வீடுகளும் சமூகவாரியாகப் பகிர்ந்தளிக்கப்பட்டன. ஆதிதிராவிடருக்கு மட்டும் 40. இன ஒருங்கிணைப்புக் கொள்கையின் சாரம் அதில் இருந்தது. ஆனால், அச்சிந்தனை பெருநகருக்குள் நுழையவில்லை. மாறாக, சென்னையின் ஏழைகளைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மொத்தமாக அனுப்பினோம். தனியார் வாடகை வீடுகளிலோ சாதி, மதம், உணவுப் பழக்கம் ஆகியவற்றை விசாரிக்காமல் சாவி கைமாறுவது அரிது.

சிங்கப்பூரை அப்படியே நகலெடுக்க வேண்டியதில்லை; நிலத்தின் பெரும்பகுதி அங்கு அரசுடையது, இங்கு அவ்வாறில்லை. எனினும், மூன்று செயல்கள் நம்மால் இயலும். அரசுப் பணத்தில் எழும் குடியிருப்புகளில் பல தரப்பினரும் கலந்து வாழ வகைசெய்யலாம். வாடகையில் காட்டப்படும் பாகுபாட்டைச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரலாம். வெளிமாநிலத் தொழிலாளரின் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளில் சேர்த்து, தமிழைக் கனிவோடு கற்பிக்கலாம். அதோடு, அங்கே வேலை அனுமதிச் சீட்டு போட்ட கோட்டை இங்கே நாமும் போடாதிருக்க வேண்டும். ஒரே நாட்டின் குடிமக்களுக்கிடையே அப்படியொரு கோட்டுக்கு எந்த நியாயமும் இல்லை.

வெளிநாடு சென்ற நம் பிள்ளைகள் அங்கு மதிப்புடன் வாழ்வது நமக்குப் பெருமை. பீகாரின் ஒரு சிற்றூரில் காத்திருக்கும் தாயிடம் அவருடைய மகன் நம் நகரங்களைப் பற்றி என்ன சொல்லப்போகிறார் என்பது நம் கையில்தான் இருக்கிறது.

கட்டுரையாளர்:
பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).