காதை மூடுவதா? காதில் செருகுவதா? மின்சார ரெயில் பயணிகளே, காசு போடும் முன் ஒரு நிமிஷம்!

தாம்பரத்தில் இருந்து கடற்கரை போகும் மின்சார ரெயில். காலை நேரம். நெரிசலைக் கேட்கவா வேண்டும்? நேற்று குரோம்பேட்டையில் ஏறி, கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே என்னைச் சுற்றி நின்றவர்களை எண்ணிப் பார்த்தேன். 14 பேர். அதில் 9 பேர் காதில் ஏதோ ஒன்று இருந்தது!

ஒரு காலத்தில் இதே ரெயிலில் சீட்டுக் கச்சேரி நடக்கும். ஒருத்தர் மாலைப் பத்திரிகை வாங்கினால் நாலு பேர் படிப்பார்கள். இப்போது அவரவர் காது அவரவருக்கு. அது தப்பு என்று சொல்ல வரவில்லை. போக வர ஒன்றரை மணி நேரம் நின்றே போகிறவர் நாலு பாட்டுக் கேட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

எதை மாட்டுவது என்பதுதான் கேள்வி.

எங்கள் தெருவில் ஒரு நண்பர் இருக்கிறார். பாரிமுனை பக்கம் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. போனஸ் வந்த மறுநாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சார், காதை முழுக்க மூடுற பெரிய ஹெட்போன் வாங்கப் போறேன். 25 ஆயிரம் ரூபா. அதை மாட்டிக்கிட்டா வெளிச்சத்தமே கேக்காதாம் சார்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 25 ஆயிரம் போகட்டும். 'வெளிச்சத்தமே கேக்காதாம்' என்று சந்தோஷமாகச் சொன்னாரே, அதுதான்!

ஏன் என்று சொல்கிறேன்.

பாட்டில் பறந்தது!

போன மாதம் நடந்தது இது. புறநகரில் ஒரு ஸ்டேஷன். பெயர் வேண்டாம். மேம்பாலம் ஏற சோம்பல்பட்டு ஓர் இளைஞர் தண்டவாளத்தில் இறங்கிக் குறுக்கே நடந்தார். தலையில் பெரிய ஹெட்போன். கண் செல்போனில்.

மின்சார ரெயில் வருகிறது! டீசல் எஞ்சின் மாதிரி தடதடவென்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வராது. சத்தம் இல்லாமல் கிட்டே வந்துவிடும். டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்தார். பிளாட்பாரத்தில் நின்ற அத்தனை பேரும் "தம்பி! தம்பி!" என்று கத்தினோம். தம்பி திரும்பவே இல்லை.

பூ விற்கும் அம்மா ஒருத்தி கையில் இருந்த தண்ணீர் பாட்டிலை வீசினாள். அது அவர் முதுகில் பட்டது. யாரடா அடித்தது என்று கோபமாகத் திரும்பியவர் ரெயிலைப் பார்த்தார். ஒரே பாய்ச்சல்! அவர் பிளாட்பாரத்தில் ஏறியதும் ரெயில் கடந்து போனதும் ஒரே நேரம்.

அந்தப் பிள்ளை உட்கார்ந்து அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. பூக்கார அம்மா திட்டிக்கொண்டே முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

தண்டவாளத்தில் இறங்குவதே குற்றம். 1989-ம் வருட ரெயில்வே சட்டம் 147-வது பிரிவில் 6 மாதம் வரை ஜெயில், அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே உண்டு. ஆனால் சட்டம் பிடிக்கும் முன்னால் ரெயில் பிடித்துவிடுகிறது என்பதுதான் பிரச்சினை.

விமானத்தில் பிறந்த பொருள்

இந்த இரைச்சல் அடக்கும் வித்தை என்ன? ஒன்றும் மந்திரம் இல்லை. ஹெட்போனில் சின்ன மைக் இருக்கும். வெளியே வரும் சத்தத்தை அது கேட்கும். உள்ளே இருக்கும் கருவி அதற்கு நேர் எதிரான ஒலி அலையை உண்டாக்கும். மேடும் பள்ளமும் சேர்ந்தால் சமதரை ஆகிவிடும் அல்லவா? அது மாதிரி இரண்டும் ஒன்றை ஒன்று தின்றுவிடும். இந்த யோசனைக்கு ஜெர்மனியைச் சேர்ந்த பால் லூக் என்பவர் 1936-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டார்.

அதை ஹெட்போனுக்குள் கொண்டு வந்ததில் பெரிய பங்கு அமர் போஸுக்கு. அவருடைய அப்பா வங்காளத்தில் இருந்து அமெரிக்கா போனவர். 1978-ல் சூரிச் நகரில் இருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் போகும்போது ஹெட்போன் கொடுத்தார்கள். எஞ்சின் இரைச்சலில் பாட்டு சரியாகக் கேட்கவில்லை. மனிதர் விமானத்திலேயே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்! 1989-ல் விமானிகளுக்கான ஹெட்போன் கடைக்கு வந்தது. பொதுமக்களுக்கு வந்தது 2000-ல்.

கவனியுங்கள். விமானத்தில் பிறந்த பொருள் இது. 'ஓ...' என்று ஒரே சீராக, அடித்தொண்டையில் இருந்து வருகிற மாதிரி இரைச்சல் வருமே, அதை அடக்குவதில் கெட்டி. திடீர் சத்தம், பேச்சு, குழந்தை அழுகை எல்லாம் அதற்கு அவ்வளவாகப் பிடிபடாது. அவற்றைத் தடுப்பது காதை மூடுகிற அந்தத் தடித்த மெத்தைதான்.

நம்ம மின்சார ரெயிலில் என்ன சத்தம்? "சமோசா, சமோசா", பக்கத்து ஆசாமி ஸ்பீக்கரில் போட்டு விட்ட சினிமா காமெடி, எதிர் சீட்டில் மாமியார் மருமகள் பஞ்சாயத்து! மெத்தை இல்லாத குட்டி பட்ஸ் மாட்டினால் சக்கர இரைச்சல் குறையும், அந்தப் பஞ்சாயத்து முன்னைவிடத் தெளிவாகக் கேட்கும். நானே அனுபவித்தேன்.

அப்படியானால் பெரியதுதானே உசத்தி என்பீர்கள். அங்கேதான் நம்ம ஊர் வெயில் குறுக்கே வருகிறது.

சித்திரை மாதத்தில் ஜன்னல் காற்றுக்கு ஏங்கும் பெட்டியில், இரண்டு காதிலும் மெத்தை வைத்துக் கட்டினால் எப்படி இருக்கும்? மாம்பலம் வருவதற்குள் மெத்தை நனைந்துவிடும். கண்ணாடி போட்டவர்களுக்குக் காதோரம் வலி. பெண்கள் தலையில் பூ வைத்துக்கொண்டு அந்தப் பட்டையை எங்கே மாட்டுவது? கால் கிலோ எடை வேறு. இறங்கும் அவசரத்தில் பின்னால் வருபவர் முழங்கை பட்டால் தலையோடு சேர்ந்து திரும்பும். கழற்றினால் வைக்க இடம் இல்லை. சாப்பாட்டுப் பையில் தயிர் சாதத்துக்கும் அதற்கும் சண்டை!

ஒற்றைச் செருப்பு

காதில் செருகும் பட்ஸ் என்றால் கஷ்டமே இல்லையா? இருக்கிறது.

ஒன்றின் எடை ஐந்து கிராம் சுமார்தான். விழுந்தால் தெரியாது. எங்கள் ஆபீஸ் தங்கச்சி ஒருத்தி நுங்கம்பாக்கத்தில் இறங்கும்போது துப்பட்டா இழுத்து இடது காது பட்ஸ் ரெயிலுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் போயே போய்விட்டது. வலது காது பட்ஸும் பெட்டியும் கையில். ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒன்று மட்டும் தனியாக வாங்க விசாரித்தாள். கேட்ட விலைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே வாங்கலாம். தேடுகிறேன் என்று கீழே மட்டும் இறங்கிவிடாதீர்கள். ஸ்டேஷன் ஆட்களிடம் சொல்லுங்கள். கிடைத்தால் லாபம், கிடைக்காவிட்டால் பட்ஸோடு போச்சு.

வாசற்படி அருகே நின்று செருகுவது, கழற்றுவது கூடாது. உட்கார்ந்தோ, உள்ளே நின்றோ செய்யுங்கள். இறங்கும் ஸ்டேஷனுக்கு ஒரு ஸ்டேஷன் முன்னதாகவே கழற்றிப் பெட்டியில் போட்டு, பெட்டியைப் பையில் போடுங்கள். பொருளும் போகாது, படியில் இறங்கும்போது காதும் திறந்திருக்கும்.

இன்னொன்று. பட்ஸுக்குள் இருக்கும் பேட்டரி கடுகளவு. இரண்டு மூன்று வருஷத்தில் தளர்ந்துவிடும். அதை மாற்றித் தருகிறவர்கள் அநேகமாகக் கிடையாது. அதனால் பட்ஸுக்குப் பெருந்தொகை போடுவது புத்திசாலித்தனம் இல்லை. பெரிய ஹெட்போன் அப்படி அல்ல. மெத்தை கிழிந்தால் புது மெத்தை போடலாம். நாலைந்து வருஷம் உழைக்கும்.

டாக்டர்கள் என்ன சொல்கிறார்கள்?

இரைச்சல் அடக்கும் வசதியை நான் ஒரேயடியாகக் குறை சொல்லவில்லை. அதில் ஒரு பெரிய நன்மை உண்டு.

வெளியே இரைச்சல் அதிகமானால் நாம் என்ன செய்கிறோம்? சத்தத்தைக் கூட்டுகிறோம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது: 80 டெசிபல் சத்தம் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் ஆனால் 4 மணி நேரம்தான்! வாரம் ஆறு நாள், போக வர ஒன்றரை மணி நேரம் என்றால் 9 மணி நேரம். முழுச் சத்தத்தில் வைத்துக் கேட்கிறவர் தன் காதைத் தானே சுரண்டிக்கொண்டிருக்கிறார். உள்காதில் இருக்கும் நுண்ணிய செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது.

இரைச்சலை அடக்கினால் சத்தத்தைக் குறைத்தே கேட்கலாம். அந்த வகையில் அது காதுக்கு நல்லதுதான். ரெயில் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும்போது தாராளமாகப் போடுங்கள். ரோட்டில், தண்டவாளத்தில், பஸ் ஸ்டாப்பில் போடாதீர்கள். இதுதான் என் கட்சி.

இப்போது வருகிற நல்ல பட்ஸ்களில் வெளிச்சத்தத்தை உள்ளே விடும் வசதியும் இருக்கிறது. ஒரு தட்டுத் தட்டினால் மாறிவிடும். அது இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது பழைய வழி: ஒரு காதில் மட்டும் செருகுவது. அடுத்தது பெட்டிக்குள் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும். மாற்றி மாற்றிப் போடலாம்.

அப்போ யாருக்குப் பெரியது?

நாள் முழுக்க மெட்ரோவிலேயே போய் வருகிறவர்களுக்குப் பெரியது பொருந்தும். ஏ.சி. இருக்கிறது, வேர்க்காது. கடற்கரை - செங்கல்பட்டு பாதையில் 2025-ல் வந்த ஏ.சி. மின்சார ரெயிலுக்கும் அப்படியே. ஆனால் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் கழுத்துக்கு இறக்கிவிட வேண்டும்.

அதேபோல ராத்திரி ஆம்னி பஸ்ஸில் உட்கார்ந்து ஊருக்குப் போகிறவர்கள், துபாய், சிங்கப்பூர் என்று விமானத்தில் போகிறவர்கள். இவர்களுக்குப் பெரிய ஹெட்போன் கொடுத்த காசுக்கு வேலை செய்யும். நல்ல ரகம் ஒரு தடவை சார்ஜ் போட்டால் 30 மணி நேரம் வரும். பட்ஸ் ஐந்தாறு மணி நேரத்தில் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். விமான சீட்டில் இருக்கும் சினிமாப் பெட்டிக்கு வயர் செருக வேண்டியிருக்கும். பெரிய ஹெட்போன்கள் பலவற்றில் வயர் துவாரம் உண்டு, பட்ஸில் கிடையாது. விமானத்தில் போகிறவர்கள் பவர் பேங்க்கை மட்டும் கைப்பையிலேயே வையுங்கள். லக்கேஜில் போடக் கூடாது.

ரெயில் பெர்த்தில் படுத்துத் தூங்க இரண்டுமே சரிப்படாது. ஒருக்களித்தால் பெரியது காதை அமுக்கும், சின்னது கீழ் பெர்த்காரர் மேல் விழும். மருந்துக் கடையில் நுரை ரப்பர் காது அடைப்பான் கிடைக்கும். அதற்குச் சார்ஜே வேண்டாம்!

கடைக்காரர்களுக்கு நான் சிபாரிசு செய்வது கழுத்தில் தொங்கும் நெக்பேண்ட். கல்லாவில் வாடிக்கையாளர் வந்து நின்றால் டக்கென்று எடுத்துவிடலாம். கீழே விழாது. காதில் எதையோ மாட்டிக்கொண்டு "என்ன கேட்டீங்க?" என்று மூன்று தடவை கேட்கும் கடைக்கு யார் திரும்ப வருவார்கள்?

ரிச்சி தெருவிலோ பர்மா பஜாரிலோ வாங்கினால் பெரிய கம்பெனி பெயர் போட்ட போலிக்கு ஏமாறாதீர்கள். 25 ஆயிரம் ரூபாய்ப் பொருளை ஒருத்தன் 1,200-க்குத் தருகிறான் என்றால் அவன் என்ன கர்ணனா? பில் கேளுங்கள். பட்ஸுடன் மூன்று சைஸ் ரப்பர் மூடி தருவார்கள். மூன்றையும் போட்டுப் பாருங்கள். எது சரியாக அடைக்கிறதோ அதுதான். அது பொருந்தாவிட்டால் எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் இரைச்சல் அடங்காது. மழைக்காலத்தில் ஈரக் காதில் செருகாதீர்கள், பூஞ்சை பிடிக்கும். அடுத்தவர் காதில் இருந்ததை வாங்கிச் செருகவே கூடாது.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். பூக்கார அம்மா கதையையும் சொன்னேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் பேசவில்லை.

நேற்று மாலை கடற்கரையில் ஏறினால் பக்கத்துப் பெட்டி வாசல் அருகே நிற்கிறார். இடது காதில் மட்டும் கறுப்பாக ஒரு பட்ஸ்.

"இன்னாப்பா, எவ்வளவு?" என்று தூரத்தில் இருந்தே கேட்டேன்.

உடனே திரும்பினார். "1,500 ரூபா சார்! மீதியை வீட்டுல புடுங்கிக்கிட்டாங்க!"